சாவிக்கொத்து விழும் சத்தம்

எனக்குக் கையில் எதுவும் நிற்பதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். சாவி, பேனா, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை ஒரு கூடைத் தக்காளி என்று எதையாவது கீழே போட்டுக்கொண்டே இருப்பேன். "உங்களுக்கு என்ன கையா, சல்லடையா?" என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். அது தொழில் பழக்கம் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. அலுவலக வேலையை வீட்டில் பேசுவது எனக்குப் பிடிக்காது.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அலுவலர், ஐயா. பத்தொன்பது வருடமாக இதே வேலை. கார் விபத்தில் அடிபட்டவர்கள் இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். கழுத்து திரும்பவில்லை, இடுப்பு மடங்கவில்லை, கால் வரவில்லை என்று அதில் எழுதியிருக்கும். அது நிஜமா நடிப்பா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதித் தர வேண்டும். எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே சொல்லிவிடும். வலியை எந்தப் படமும் காட்டாது. அங்கேதான் என் வேலை ஆரம்பம்.

நடிப்பவன் யோசித்துத்தான் நடிக்க வேண்டும். யோசிக்க நேரம் கொடுக்காவிட்டால் அவன் உடம்பே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். கழுத்துப்பட்டை போட்டவனுக்குப் பின்னால் நின்று கனமான சாவிக்கொத்தைத் தரையில் போடுவேன். வெடுக்கென்று திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான், விண்ணப்பம் தள்ளுபடி. இப்படி எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அலுவலகத்தில் என் பெயரே சாவிக்கொத்து என்று ஆகிவிட்டது. "சாவிக்கொத்தை அனுப்புங்க, ஒரே நாள்ல விஷயம் வெளிய வந்துரும்" என்பார் மேலாளர். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு தையல்காரரின் கோப்பு என்னிடம் வந்தபோது அவருக்கு விபத்து நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவர் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்திருக்கிறது. காருக்குப் பெரிய சேதமில்லை. அவருக்கு மட்டும் இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. மூன்று முறை ஸ்கேன் எடுத்தும் காரணம் பிடிபடவில்லை. இவர் சொல்லும் அளவுக்குப் பாதிப்பு இருக்க வாய்ப்பில்லை என்று கம்பெனி மருத்துவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அவர் வீடு ஒரு சரிவான தெருவில், பாதி இறக்கத்தில் இருந்தது. முன்னறையில் தையல் மிஷினைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். அதன்மேல் மருந்துச் சீட்டுகளும் மாத்திரை அட்டைகளும் கிடந்தன. அவர் ஊன்றி நடக்கும் வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தவன், அவருடைய இடது பாதத்தை ஒட்டி என் சாவிக்கொத்தைப் போட்டேன். அந்தக் கால் அசையவில்லை.

"தம்பி, சாவி விழுந்துருச்சு பாருங்க" என்றார். "நானே எடுத்துக் குடுத்துருவேன். ஆனா குனிஞ்சேன்னா என்னை நிமித்தறதுக்கு ரெண்டு பேரைக் கூப்பிடணும்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு என் சட்டையைப் பார்த்தார். "ரெண்டாவது பொத்தான் தொங்குது. கழட்டிக் குடுங்க, இதைப் பார்த்துக்கிட்டு என்னால பேச முடியாது." நான் பனியனோடு உட்கார்ந்திருக்க, அவர் ஊசியில் நூல் கோத்தார். "பொத்தானுக்கு அடியில நாலு சுத்து சுத்தணும் தம்பி. இப்பல்லாம் யாரும் சுத்தறதில்ல. அதான் நிக்க மாட்டேங்குது." இதோ, இந்தச் சட்டைதான். இந்தப் பொத்தான்தான். வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள், அசையாது.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். "எல்லாரும் இவர் நடிக்கிறாருன்னுதான் சொல்றாங்க. என் கூடப்பொறந்த அண்ணனே சொல்றாரு. வீட்டுக்கு வந்து காலைக் கிள்ளிப் பார்த்துட்டுப் போறாரு" என்றார்.

"விடு, சும்மா அதையே பேசிக்கிட்டு" என்றார் தையல்காரர். பிறகு என்னிடம், "பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் தம்பி. இந்த ஆள் நடிக்கலைன்னு ஒரு தாள்ல எழுதி யாராச்சும் கையெழுத்துப் போட்டாப் போதும். அதைச் செவுத்துல மாட்டிருவேன். வர்றவங்க படிச்சுட்டு உள்ள வரட்டும்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனால்தான் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். நல்லவர்களைப்போல நடிக்க யாராலும் முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். என் அனுபவம் வேறு.

அதனால் இரண்டாவது முறை போனபோது தேநீர்க் கோப்பையை அவர் தொடைமீது தட்டிவிட்டேன். சூடாகத்தான் இருந்தது. ஆறிவிடாதபடி, அவர் மனைவி கொண்டுவந்து வைத்ததுமே தட்டினேன். அவர் "அம்மா" என்று கத்தினார். வலது கால் உதறிக்கொண்டது. இடது கால் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மனைவி ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். "பரவால்ல தம்பி, கை தவறிருச்சு, விடுங்க" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். புண் ஆற மூன்று வாரம் ஆனதாகப் பிறகு தெரிந்தது.

அப்போதே நம்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு தொழிலில் இருப்பவர்கள் நம்பியிருப்பார்கள். நான் கோப்பில் எழுதியது இது: சுடுதேநீரையும் தாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர், மேலும் விசாரணை தேவை. பத்தொன்பது வருடத்தில் சாவிக்கும் தேநீருக்கும் பிடி கொடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் உண்மையானவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கைதேர்ந்தவர் என்றுதான் தோன்றியது.

அடுத்த மாதம் பன்னிரண்டு நாள் அந்தத் தெருவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். தினமும் நாலு மணிக்கு அவர் வெளியே வருவார். தெருவின் அடியில் இருக்கும் மதில்வரை நடந்துவிட்டுத் திரும்புவார். ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த அம்மா சொல்லிக்கொடுத்த வரிசை அது: முதலில் வாக்கர், அடுத்து இடது காலை இழுப்பது, அடுத்து வலது கால். டக் என்று ஒரு சத்தம், சரசரவென்று ஒரு இழுப்பு, ஒரு காலடி. பன்னிரண்டு நாளும் அச்சுப் பிசகாமல் அதே வரிசை. யாரும் பார்க்காதபோதும் அதே வரிசை. யாருமே பார்க்காதபோது ஒருவன் இவ்வளவு ஒழுங்காக நடப்பானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பதின்மூன்றாம் நாள் அவர் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தார். இவ்வளவு பெரிய சோதனையை மற்றவர்கள் அருகில் இருக்கும்போது செய்ய எனக்கு மனமில்லை. அலுவலகக் காரைத் தெருவின் மேற்பக்கம் நிறுத்தியிருந்தேன். நடந்து பார்த்துக் கணக்கிட்டு வைத்திருந்தேன். கார் அவரிடம் வந்துசேர ஏழு நொடி ஆகும். ஒதுங்க இரண்டு அடி போதும். நல்ல காலாக இருந்தால் இரண்டே அடி. அவர் மதிலை நெருங்கியதும் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். காரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"தம்பி, வண்டி நகருது பாருங்க" என்றார்.

சாவி விழுந்தபோது சொன்ன அதே குரல்தான். என் பொருள் ஒன்று என் கைவிட்டுப் போகிறதே என்று சொல்லும் குரல். அப்புறம் வாக்கரைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தார். இடது காலை இழுத்தார். அடுத்து வலது கால் வரவேண்டும். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அறிக்கை எழுதிவிட்டேன். பதினொரு வரி. இவருடைய பாதிப்பு உண்மையானது, ஐயத்துக்கு இடமில்லை, முழு இழப்பீட்டுக்கும் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிரேக் தேய்ந்திருந்ததால் வண்டி நகர்ந்துவிட்டது என்று உங்கள் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அறிக்கையின் பிரதியை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. என் வேலைக்காலத்தில் நான் மீறிய ஒரே விதி அதுதான். அவர் மனைவியின் கையில் ஒரு பிரதி கொடுத்தேன்.

அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். "அவரை நம்புன ஒரே மனுஷன் நீங்கதான்" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். கெட்டிக்கார அம்மாள். காரில் அடிபட்டுத் தையல்காரர் இறந்ததற்கான இழப்பீட்டைப் பார்ப்பது அந்த அம்மாளின் பொறுப்பு. கார் வருவதைக் கண்ட பிறகும் ஒதுங்கவில்லை, ஆகவே சாகும் எண்ணத்தோடு நின்றிருக்கிறார், நடக்க முடியாதவர் என்ற முந்தைய அறிக்கையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். சட்டம் போட்ட அந்தத் தாளையும் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் நிற்கவில்லை, ஒதுங்கினார். வாக்கரை வைத்தார், இடது காலை இழுத்தார். நான் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்காகத்தான் பிரேக்கை இறக்கினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் அந்தச் சுவரில் இருக்க வேண்டும்.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் நாலு மணிக்கு எங்கள் அலுவலக வராந்தாவில் அந்தச் சத்தம் வரும். டக், ஒரு இழுப்பு, ஒரு காலடி. என் அறை வாசல்வரை வந்து நின்றுவிடும். முதல் நாள் உடம்பெல்லாம் வேர்த்துப்போயிற்று, மறைக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். வேறு எதற்கு வரப்போகிறார்?

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. சத்தம் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். கை தவறித்தான் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழுப்புச் சத்தம் இருக்கிறதே, அது வரவில்லை. இரண்டு காலடி கேட்டதுபோல் இருந்தது. சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

மணி நாலாகப் போகிறது, ஐயா. இங்கேயும் வந்துவிடுவார். உள்ளே வரும்போது என்னிடமிருந்து வாங்கி அந்த இழுப்பறையில் வைத்தீர்களே, என் சாவிக்கொத்து, அதைக் கொஞ்சம் கொடுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.