சிவப்பின் எல்லை

எனக்கு ஸ்ட்ராபெரி பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். கியா பார்ம் பழச் சந்தையில் கடை போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது தினமும் கண்ணில் படுகிற சாமான். ஆனாலும் பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவுக்காக இரண்டு மாதம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரோபோ பழம் பறிக்கும். கேமரா சிவப்பைக் கண்டால் இரும்புக் கை அங்கே போய்க் காம்பை நறுக்கும். எது சிவப்பு என்று கேமராவுக்கு அளவு வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த மலையில் அது லேசான காரியமில்லை. வெயிலில் வைத்த அளவு, பனி இறங்கினால் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. வெறுத்துப்போகும், சார்.

அதைவிட வெறுப்பு நளினி. எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பெண், என் வகுப்புதான். மணிக்கணக்காக உட்கார்ந்து நான் வைத்த அளவை ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிடுவாள். "இது சரியா வராதுலா எட்ரியன், நான் பாத்துக்கிறேன்" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். அவள் வைத்த அளவு வேலையும் செய்யும். எனக்கு வயிறு எரியும். கோலாலம்பூர்ப் போட்டியில் கேமராவைப் பற்றிப் பேச ஒருவருக்குத்தான் இடம். ஆசிரியர் அவளைச் சொல்லிவிட்டார்.

தீபாவளி முடிந்து வந்தபோது பத்து விரல் நுனியிலும் மருதாணி வைத்திருந்தாள்.

"நல்லா செவந்திருக்கே, கேமராவுக்குக் காட்டு" என்றேன்.

சந்தோஷமாக அதன் முன்னால் விரித்துக் காட்டினாள். கேமரா கண்டுகொள்ளவில்லை. பழத்தின் சிவப்பு வேறு, மருதாணியின் சிவப்பு வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நன்றாக அளவு வைத்திருந்தாள்.

அவள் செடித் தொட்டியை எடுத்து வரப் போனாள். சற்று முன் பதிவான அவள் கைப்படத்தைத் திறந்து, மருதாணியும் உள்ளே வரும்வரை சிவப்பின் எல்லையை நான் அகலமாக்கினேன். ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பழத்தைத் திருப்பி வைப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். கையை அது ஒருநாளும் தொட்டதில்லை. அன்று அவள் பழத்தைத் திருப்பக் கை நீட்டினாள், இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவள் அலறியபோது எல்லையைப் பழையபடி குறைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் நளினி என்னைப் பார்த்து அழுதாள். "கடைசியா அளவ மாத்துனது நான்தானே. என் தப்புதான்."

"பரவால்லலா, யாருக்கும் தப்பு வரும்" என்று ஆறுதல் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அவள் இடத்தில் இப்போது நான்தான் பேசவேண்டும். போட்டி சனிக்கிழமை. அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே, சார்?