திருத்தும் அனுமதி

“நான் கோப்புல ஏத்தினேன் அக்கா, என் ஸ்கிரீன்ல இப்பவும் நிக்குதே—”

“வார்டுல யாருக்கும் தெரியலயே, மக்களே—”

“பென்சிலின் கூடாதுன்னு என் கையால டைப் அடிச்சேன். சத்தியமாயிட்டு.”

“சரி, அழாத. மூக்கைத் துடை.”

கேன்டீனில் தோசை சுடும் வடிவம்மாளின் உடலைக் கரமனையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோன சாயங்காலம் ஷிஜாவும் நானும் பேசியது இது. ஷிஜா பொய் சொல்லவில்லை, நாகேஸ்வரன் சார். விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் வார்டுகள் எல்லாம் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே நோயாளிக் கோப்பைத்தான் பார்க்கின்றன. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது என் வேலை. கோப்பு திறக்காவிட்டால் முன்பெல்லாம் போனில், “ரத்னாபாயம்மா உண்டோ?” என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு உதவியாக ஷிஜா வேலைக்கு வந்த பிறகு நான் எடுத்தாலும், “ஷிஜா இல்லையா?” டாக்டர் ஆன்சன் என் எதிரிலேயே, “ஷிஜா வந்த பின்னே மெஷின் நல்லா ஆயி, கேட்டோ” என்று அவளுக்கு வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தார். அவள் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவளுடைய திருத்தும் அனுமதியை எடுத்தேன். படிக்கும் அனுமதியை விட்டுவைத்தேன். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு இல்லை. அனுமதி இல்லாதவர் அடிப்பதை எங்கள் மெஷின் தள்ளிவிடாது. அவருக்கென்று ஒரு நகல் எடுத்து, அதில் சேர்த்துக்கொள்ளும். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். மற்றவர்களுக்குப் பழைய கோப்புதான். ஏதோ இடிக்கிறதென்று என்னிடம் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன்.

வடிவம்மாள் காய்ச்சலோடு வந்து படுத்தாள். ஷிஜா வார்டில் விசாரித்துவிட்டு வந்து, “பென்சிலின் ஆகாது” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் இருந்து அடித்தாள். நான் என் ஸ்கிரீனைத் திறந்தேன். அந்த இடம் காலியாக இருந்தது. மத்தியானம் பென்சிலின் ஊசி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஷிஜாவைப் பார்த்தேன். சிரித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

கோப்பில் ஏற்றவில்லை என்று ஷிஜாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். இன்று காலையிலும் போனில், “ஷிஜா எப்போ வரும்?” என்றுதான் கேட்டார்கள்.

“நீங்களே சொல்லுங்கோ சார், ‘அக்கா, இது என்னன்னு பாருங்கோ’ன்னு அவ ஒரு தடவ கேட்டிருந்தா, நான் உடனே சரியாக்கியிருப்பேன்லா?”