மாப்பிள்ளை வரிசை

கத்தரிக்கோல் வேலை எனக்கு நன்றாக வரும். அதனால்தான் திராட்சைக் காம்பைக் காட்டி, "புழு இவ்வளவு நேராக வெட்டாது" என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் லும்பார்தா ஊரில் இத்தனை சுத்தமாக வெட்ட வேறு யாருக்கு வரும்?

கர்க் என்கிற வெள்ளைத் திராட்சைக் கொடியைப் பற்றித் திராட்சை நிபுணரான உங்களுக்குத் தெரியாததா. பூவெல்லாம் பெண். மகரந்தத்துக்குப் பக்கத்தில் கறுப்புத் திராட்சை இரண்டு வரிசை நின்றால்தான் காய்க்கும். நாங்கள் அதை மாப்பிள்ளை வரிசை என்போம். என் நண்பன் ப்ரோஷ்பர் கர்க்கில் செய்யும் வெள்ளை ஒயினுக்குத்தான் வருஷா வருஷம் ஊர் விழாவில் முதல் பரிசு. பரிசு வந்ததும் நான் அவன் கண்ணுக்குத் தெரியாமல் போனேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். மாலையில் நான் சீட்டுக்கட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

"இன்னைக்கு முடியாதுடா வீட்ஸ்கோ, ஜாக்ரெப்லேருந்து ஒயின் வாங்க ஆளுங்க வந்திருக்காங்க" என்பான். "என் கொடிக்கெல்லாம்கூட மாப்பிள்ளை இருக்கான். உன் பக்கத்துல நிக்கத்தான் ஒருத்தியும் வரல, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

அந்த வருஷ ஜூனிலிருந்து மூன்று வருஷம், பூக்கும் வாரத்தில் விடியற்காலையில் போய் மாப்பிள்ளைகளின் பூங்கொத்துகளை மட்டும் வெட்டினேன். கர்க்கை ஒரு விரலாலும் தொடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு. கண் மங்கியும் ப்ரோஷ்பர் கண்ணாடி போடமாட்டான், வீம்பு. "புழுடா" என்றேன், நம்பினான். ஊரில் உள்ள மருந்தையெல்லாம் அடித்தான். கர்க்கில் மிளகு போலப் பொடிக் காய்தான் நின்றது. ஜாக்ரெப் ஆட்கள் வருவது நின்றது.

பிறகு தினமும் மாலையில் என் வீட்டுக்கு வந்தான். எங்களுக்கு எத்தனை நல்ல மாலைகள்! நான் மீன் சுடுவேன், அவன் சீட்டில் திருடுவான். போன வாரம் என் தோளில் சாய்ந்து அழுதான்.

"அப்பா வெச்ச கொடிடா. வர்ற நிபுணரும் புழுதான்னு சொல்லிட்டா திங்கக்கிழமை வேரோட புடுங்கிடுவேன். நீ ஒருத்தன்தான்டா எனக்கு மிச்சம்."

எனக்கும் அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

ஆமாம், வெட்டியது நான்தான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் அறிக்கையில் புழு என்றே எழுதிவிடுங்கள். கொடியைப் பிடுங்கிவிட்டால் காலையிலும் அவனுக்கு வேலை இருக்காது, இன்னொரு நாற்காலி செய்து வைத்திருக்கிறேன். என் பெயரை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?