செவலைக்குப் பிசைந்த சோறு

நாய்க்குச் சோறு வைக்கிற வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. காலையில் பழைய சோறு, சாயங்காலம் மீன் தலை போட்டுப் பிசைந்த சோறு. என் கையால் வைத்தால்தான் செவலை தின்னும். நீங்கள் நாயிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் நானும் நாயிலிருந்தே சொல்கிறேன் ஐயா.

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு எட்டுப் பாத்தி குத்தகை. செவலை வீட்டிலும் அளத்திலும் காவலுக்கு இருந்தது. கடிக்கும், அதை நான் மறைக்கவில்லை. தபால்காரரின் கெண்டைக்காலைக் கடித்தது. உப்பு வார வந்த பாப்பாத்தியின் முழங்கையைக் கடித்தது. ஒவ்வொரு முறையும் நாலு பேர் வாசலில் வந்து நின்று யோசனை சொன்னார்கள். கட்டிப் போடு, அடித்துப் போடு, கூனிமேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விடு. சொன்னவர்களில் ஒருவரும் நாய் வளர்த்ததில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் தெருவில் நின்று சொன்னேன்: "என் நாய் கடிச்சி எவனாவது செத்தான்னா ஒரு பக்க மீசைய எடுத்துட்டு இந்தத் தெருவுலயே நடக்கறன்."

என் மனைவி தனகோடியும் சொன்னாள். "அத்த எங்கனா வுட்டுட்டு வாங்க. ஒருநாளு வூட்டு ஆளையே கடிக்கும்."

அவள் சொன்னால் நடக்கும். அவளிடம் இருந்த தொந்தரவே அதுதான். இங்கே கிணறு வெட்டாதீங்க, நல்ல தண்ணி வராது என்றாள். வரவில்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளில், உப்பைக் குமிச்சி ஓலை போட்டு மூடுங்க என்றாள். நான் மூடவில்லை. மறுநாள் பெய்த மழையில் பாதி உப்பு கரைந்து கால்வாய்க்குப் போனது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருநாளும் அவள் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பேசாமல் தட்டைக் கழுவிச் சோறு போடுவாள். பதினாறு வருஷம் அப்படி.

எழுபத்து நாலாம் வருஷம் வைகாசியில், குடத்தை எடுக்கக் குனிந்தவளின் இடது மணிக்கட்டைச் செவலை கடித்தது. பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் அது செத்துப்போனால் உடனே வர வேண்டும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. பத்து நாளும் நன்றாக இருந்தால் ஊசி தேவையில்லை.

செவலையை உப்பளத்து இன்ஜின் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டினேன். யாரும் கிட்டே போகக்கூடாது என்று சாவியை நானே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சோற்றைத் தொடவில்லை. வெயில் என்று நினைத்தேன். நாலாம் நாள் குரல் கம்மி, வாயில் எச்சில் வடிந்தது, சங்கிலியைக் கடித்துக்கொண்டே இருந்தது. அதற்கும் வெயில் என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் உச்சிப் பொழுதில் செத்துக் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் களிமண்ணைத் தோண்டி, கழற்றப் பயந்து, சங்கிலியோடு புதைத்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, செவலை எப்டி இருக்குது?" என்றாள்.

அந்தக் கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு கேட்பதாக எனக்குப் பட்டது. கிணற்றைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான், உப்பைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அன்றிலிருந்து செவலையின் சோற்றை அவளே பிசைந்தாள். மீன் தலை இல்லை, நடுத்துண்டு. முள்ளெடுத்துப் போட்டாள். "நல்லாத் துன்னட்டும். பத்து நாளு உசுரோட இருந்துட்டா போதும்" என்று தூக்கை என் கையில் கொடுப்பாள். நான் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அதைத் தின்பேன். கொட்டிவிட்டால் காக்கை கூடும், யாராவது பார்ப்பார்கள். காலித் தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "சுத்தமா துன்னுட்டுச்சி" என்று சிரிப்பாள். ஐந்து நாள் அப்படித் தின்றேன்.

பத்தாம் நாள் முடிந்ததும் அம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். செவலையை மெட்ராஸுக்கு உப்பு ஏற்றிப் போன லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். நல்ல காரியம் என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஒன்றும் இல்லை. எல்லாரும் வீணாகப் பயமுறுத்தினார்கள் என்று நானே நம்பிவிட்டேன். நம்பியதில் தப்பென்ன?

ஆடியில் அவளுக்கு மணிக்கட்டு தினவெடுத்தது. ரெண்டு நாளில் தண்ணீர் இறங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டது. மறுபடி பாண்டிச்சேரி. அதே டாக்டர் அந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளே முந்திக்கொண்டாள். "அது உசுரோட இருக்குதுங்க. கடைசி அஞ்சு நாளும் என் கையாலதான் சோறு பெசஞ்சிக் குடுத்தன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவள் செத்து ஆறு மாதம் கழித்து, தை மாதம் வரப்புக்கு மண் எடுத்தபோது அவள் தம்பி சிங்காரத்தின் மண்வெட்டியில் சங்கிலி சிக்கியது. எலும்போடு அள்ளிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. நாய் செத்தது எனக்குத் தெரியும். ஊசி இருந்ததும் தெரியும். தினம் நாலு பஸ் பாண்டிச்சேரிக்குப் போகும், அதுவும் தெரியும். சொல்லாமல் இருந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்திலாவது அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லத்தான் கட்டில் பக்கம் போனேன். கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சற்றுத் தெளிந்திருந்தாள். என்னைப் பார்த்து, "இது வேற இன்னாமோ நோவு. செவலை மேல பழி போடாதீங்க. நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் தப்பா நெனச்சிட்டன்" என்றாள்.

பதினாறு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான் ஐயா. அதைப் போய் நான் எப்படி இல்லை என்பேன்?