கயிற்றில் ஒரே ஓர் இழுப்பு

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன், ஐயா. எனக்கு வலது காது கேட்காது. இப்படி உட்கார்ந்தால் நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

தண்ணீரில் நிற்கும் படகின் அடியை முங்கிச் சுத்தம் செய்யும் தொழிலை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் படகைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து, வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். படகு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நான் கீழே போய்ச் சுரண்டித் தருகிறேன் என்று சொன்னபோது சிரித்தார்கள். ஒரு பழைய காற்று சிலிண்டர், ஒரு சுரண்டி, ஒரு கயிறு. அவ்வளவுதான் என் முதல். பாசி கையோடு வந்துவிடும். கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற கொட்டலசு என்கிற ஓட்டுப் பூச்சிதான் உயிரை வாங்கும். அழுத்தினால் பெயிண்ட் போய்விடும், அழுத்தாவிட்டால் அது அசையாது. அந்தப் பக்குவம் கைக்கு வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மூன்றாவது வருடம் சளியோடு முங்கிக் காதைக் கெடுத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கீழே போனால் மற்ற காதும் போய்விடும் என்றார் டாக்டர். அப்போது என் தங்கையின் கணவர் ஒரு துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு மூச்சு நீளம், நல்ல நீச்சல் வேறு. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். நானே அவருக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அவர் கீழே, நான் மேலே. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. கீழேயிருந்து மூன்று முறை இழுத்தால் சிக்கிக்கொண்டேன் என்று பொருள். மேலேயிருந்து நான் ஒரு முறை இழுத்தால், தெரிந்தது, வருகிறேன் என்று பொருள். மனிதர்கள் பயத்தில் உதறித்தான் இன்னும் சிக்கிக்கொள்வார்கள், காற்றையும் தீர்த்துவிடுவார்கள். அதனால் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"என் பதில் வந்துட்டா நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது மாப்பிள்ளை. உதறக் கூடாது, சிலிண்டர் வாரைக் கழட்டக் கூடாது. மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு அப்படியே இருங்க. நான் வந்துடுவேன்."

"பதில் வரலைன்னா மச்சான்?"

"அப்போ எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு மேல வந்துடுங்க. ஆறடி தண்ணிதானே."

முதல் மாதமே சிக்கிக்கொண்டார். மூன்று இழுப்பு வந்தது, நான் ஓர் இழுப்பு கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்னதையும் பார்க்காமல் குதித்தேன். மேலே வந்தபோது என் காதிலிருந்து ரத்தம் வந்தது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அந்த ஒற்றை இழுப்பின் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

இரண்டே வருடத்தில் துறையில் எல்லோரும் மாப்பிள்ளை புராணம் பாட ஆரம்பித்தார்கள். அவர் கை பட்டால் படகு வழுக்கிக்கொண்டு போகிறதாம், பெயிண்டில் ஒரு கீறல் இல்லையாம். என்னைப் பார்த்தால், "என்னண்ணே, மீன் கடிச்சுதா?" என்பார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால். நானும் சிரித்துக்கொள்வேன். வீட்டில் என் தங்கையே ஒரு நாள், "அவர் வந்தப்புறம்தான் அண்ணா உன் தொழில் தொழில் மாதிரி இருக்கு," என்றாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவள் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று காலை பல் டாக்டரின் வெள்ளைப் படகு. மாப்பிள்ளை காலில் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டே பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன்.

"மச்சான், அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வெயில்ல வந்து கஷ்டப்பட வேண்டாம். கயிறு பிடிக்க ஒரு ஆள் பார்த்திருக்கேன். நீங்க நிம்மதியா வீட்டுல இருங்க. நாங்க பார்த்துக்கறோம்."

சரி மாப்பிள்ளை என்றேன். கயிற்றில் ஒரு பிசிர் இருந்தது. அதை அறுக்க அவருடைய கத்தியை வாங்கினேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். என் பக்கம் தவறு என்று ஒன்று இருந்தால் அது இந்த மறதிதான்.

அரை மணி நேரம் போயிருக்கும். மூன்று இழுப்பு வந்தது. படகின் அடியில் சுழலுகிற எஞ்ஜின் விசிறியில் யாருடைய கிழிந்த வலையோ சுற்றிக்கிடந்திருக்கிறது. அதில் அவருடைய சிலிண்டர் மாட்டியிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் ஓர் இழுப்பு கொடுத்தேன். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. மறுபடி ஒன்று கொடுத்தேன். அவசரமே இல்லாத இழுப்புகள், ஐயா. ஞாபகப்படுத்துகிற மாதிரி. ஏழு முறை கேட்டார், ஏழு முறையும் பதில் சொன்னேன். கீழே ஒரு மனிதர் காத்திருக்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

எட்டாவது முறை கணக்கில்லாமல் இழுத்தார். காற்று தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. வாரைக் கழற்றிவிட்டு மேலே வரப் பார்த்திருப்பார். கயிறு படகின் அடியைச் சுற்றி மறுபக்கமாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. அதை இழுத்து, தளத்தில் கயிறு கட்டுகிற இரும்புக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இறுக்கினால் கீழே இருப்பவர் படகோடு ஒட்டி நிற்பார், மேலே வர முடியாது. அது எனக்குத் தெரியும். கயிறு அடங்கும்வரை பிடித்திருந்தேன். கயிறு பிடிப்பதுதானே என் வேலை.

பிறகு சுற்றை அவிழ்த்துவிட்டுக் கத்தினேன், ஆட்கள் ஓடிவந்தார்கள். நானே குதித்தேன், இருக்கிற ஒரு காதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள். என் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உன்னைக் கூப்பிட்டாரா அண்ணா?" ஒரு தடவைகூட இழுக்கவில்லை என்றேன். அவள் மனசு தாங்காது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அந்தப் படகை நீங்கள் கரையேற்றிப் பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இதோ, நீங்கள் எடுத்த போட்டோ. விசிறிக்குப் பக்கத்தில், ஒரு கை எட்டுகிற தூரத்துக்கு, அரை வட்டமாக அவ்வளவு சுத்தம். அதைச் சுற்றி எல்லாம் பாசியும் கொட்டலசும். சிக்கிக்கொண்ட மனிதர் எதற்காக வேலை செய்துகொண்டிருந்தார் என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று கைக்கு எட்டியதைச் சுரண்டியிருக்கிறார். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் போட்டோவை இன்னொரு தடவை காட்டுங்கள். நல்ல கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஓரத்தைப் பாருங்கள் ஐயா, கொஞ்சம் பாசியை விட்டிருக்கிறார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.