என்னமோ குறையுது

இல்லம்மா, அந்த நாற்காலி வேண்டாம். அது எம் பையன் ரிப்பேர் பண்ணது. இப்படிக் கட்டில்ல உக்காருங்க. பையைக் கீழயே வைக்கலாம், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இந்த வீட்டுக்குத் திருட வர்றவன்கூட அடுப்படியைப் பாத்தான்னா மனசு கேக்காம ஏதாவது வச்சிட்டுத்தான் போவான்.

ஆமா, அவனோட அப்பாதான் நான். குழந்தைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருக்கான், இப்ப வந்துருவான். மருமக வேலைக்குப் போயாச்சு. காலையிலயே சொல்லிட்டுத்தான் போனா. மாமா, சமையல் வேலைக்கு ஒரு அம்மா பத்து மணிக்கு வருவாங்க, அவர் வர்ற வரைக்கும் உக்கார வைங்க, அவங்ககிட்ட கதை அளந்துட்டு இருக்காதீங்கன்னா. நான் என்னிக்கும்மா கதை அளந்திருக்கேன்? இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன். ரோட்டுல எனக்கு நடந்ததைச் சொன்னா கேக்குறவங்களுக்குக் கதை மாதிரி தெரியுது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

தண்ணி குடிங்க. தைரியமா குடிங்க, தண்ணி அவன் சமைச்சதில்ல.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான். இந்த வீட்டு வேலை உங்களுக்கு வேண்டாம். ஏன்னு கேக்குறீங்களா? அந்த அடுப்படி அடுப்படியே இல்லம்மா. அது ஒரு பட்டறை. எம் பையன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சுன்னா இவனைத்தான் கூப்பிடுவாங்க. பேத்தி பொறந்து நாலு மாசத்துல மருமக வேலைக்குப் போகணும்னு வந்துச்சு. அவ பல் ஆஸ்பத்திரியில இருக்கா. ரெண்டு பேரும் உக்காந்து பேசி, அவ போறது, இவன் ஒரு வருஷம் லீவு போட்டுட்டுக் குழந்தையையும் வீட்டையும் பாத்துக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? அதுவரைக்கும் அவனுக்கு அடுப்புன்னா சிகரெட் பத்த வைக்கிற சாமான். குழந்தை வந்ததும் அதையும் விட்டுட்டான், பாவம்.

முதல் நாள் என்ன பண்ணான் தெரியுமா? ஒரு மஞ்ச போர்டு கொண்டாந்து அடுப்படி வாசல்ல மாட்டினான். வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்கள். லிஃப்ட் ரிப்பேருக்கு மாட்டுவாங்களே, அதே போர்டு. குழந்தையை நெஞ்சோட சேத்து ஒரு பட்டையில கட்டிக்கிட்டான். சூடு குழந்தை மேல படக்கூடாதுல்ல, அதனால அடுப்புக்குப் பக்கவாட்டுல நின்னு, கையை மட்டும் எட்டி நீட்டி, கத்திச் சண்டை போடுற மாதிரி கிண்டுறான். வெங்காயம் நறுக்க வெல்டிங் கண்ணாடி. தனக்கு ஒண்ணு, குழந்தைக்கு ஒண்ணு. அவ பாட்டுக்கு அதைப் போட்டுக்கிட்டு எங்கயோ மலையேறப் போறவ மாதிரி பாத்துக்கிட்டு இருக்கா.

சிரிங்க, சிரிங்க. நான் குக்கர் கதைக்கு இன்னும் வரல.

அரிசியைப் போட்டு குக்கரை மூடி வச்சான். கொஞ்ச நேரத்துல விசில் அடிச்சுது. நமக்கெல்லாம் விசில்னா என்ன? சரி, வேகுது, இன்னும் ரெண்டு வரட்டும்னு இருப்போம். அவனுக்கு அப்படி இல்ல. அவன் தொழில்ல ஒரு மெஷின் கத்துச்சுன்னா ஆபத்துன்னு அர்த்தம். உடனே நிறுத்தணும், ஆளை வெளியேத்தணும். பாய்ஞ்சு போய் அடுப்பை அணைச்சான். சிலிண்டரை மூடினான். ஜன்னலைத் திறந்தான். குழந்தை நெஞ்சுல, நான் கையில. தரதரன்னு ரெண்டு மாடி இழுத்துட்டுப் போயித் தெருவுல நிறுத்திட்டான். நான் அப்பதான் குளிச்சிட்டு வந்திருக்கேன். இடுப்புல துண்டு. எதிர்வீட்டுல ஒரு கல்யாணப் பேச்சு நடந்துட்டு இருந்துச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா என்னைப் பாத்துட்டு, இந்தத் தெருவே வேண்டாம்னு எழுந்து போயிட்டாங்க.

அது கொஞ்சம் கூடச் சொல்லிட்டேன், சரி. ஆனா துண்டு உண்மை.

அன்னையிலேர்ந்து மூணு வாரம் ஒரே ஒரு விசில். கத்தினா நிறுத்து, அவ்வளவுதான். சாதம் தட்டுல விழுறப்ப மழை பெய்யுற சத்தம் கேக்கும். பருப்பு ஒவ்வொண்ணும் அப்படியே குண்டு குண்டா, போட்ட மாதிரியே எண்ணி எடுத்துக்கலாம். மருமக ஒரு வாய் வச்சா, தாடையைப் பிடிச்சிக்கிட்டா. ஏங்க, எங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் சேக்குறதுக்காகவா சமைக்கிறீங்கன்னு கேட்டா. அவன் முகம் மாறல. நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கிட்டான்.

நான் ஏன் சொல்லலையா? எனக்கென்னம்மா தெரியும் குக்கரைப் பத்தி? எம் பொண்டாட்டி இருந்த வரைக்கும் தட்டு முன்னாடி வந்துச்சு, சாப்பிட்டேன், கிளம்பிட்டேன். சாதம் எப்படி வேகுதுன்னு நான் பாத்ததே இல்ல. லாரியில சமைச்சிருக்கேன், அது வேற. இன்ஜின் மேல பாத்திரத்தைக் கட்டி வச்சிடுவோம். மலை ஏத்தத்துல வெந்துரும், இறக்கத்துல வடிஞ்சிரும். கீழ வந்து இலையை விரிச்சா சாப்பாடு ரெடி. ஒரு தடவை வளைவு ஜாஸ்தியா இருந்துச்சு, தாளிச்சும் விட்டுருச்சு.

கடைசியில கீழ்வீட்டு டெய்லரம்மாதான் வந்து கேட்டாங்க. தம்பி, நானும் மூணு வாரமா கேக்குறேன், உங்க குக்கர் ஒரு தடவை கத்திட்டு வாயை மூடிக்குதே, அதுக்கு என்ன நோவுன்னு. அப்பதான் அவனுக்கு விஷயமே விளங்குச்சு. மூணு விசில்னு செவுத்துல பெயின்ட்ல எழுதிட்டான். உள்ள போனீங்கன்னா பாப்பீங்க. போக வேண்டாம்னுதான் சொல்றேன்.

அப்புறம் குழந்தைக்குக் கஞ்சி. டாக்டர் ஆறு மாசத்துல ஆரம்பிக்கச் சொன்னாங்களா, இவன் தராசு வாங்கிட்டான். கிராம் கணக்கு. ஸ்க்ரூ டிரைவரால கிளறினானோ என்னமோ, கஞ்சி கிண்ணத்தோட ஒட்டிக்கிச்சு. கரண்டியை நட்டா நிக்குது. டெய்லரம்மா அதை வாங்கிட்டுப் போய் ஒருத்தர் சட்டைக் காலருக்குப் போட்டுட்டாங்க. அந்த மனுஷனுக்கு ஒரு வாரம் கழுத்தே திரும்பல. நேரா நடந்து சொந்த வீட்டையே தாண்டிப் போயிட்டாராம்.

நம்பாட்டிப் போங்க. நான் ஒண்ணும் சத்தியம் பண்ணல.

என்னம்மா, இவ்வளவு சொல்லியும் கிளம்ப மாட்டேங்குறீங்க? ஹாஸ்டல்ல இருநூறு பேருக்குச் சமைச்ச கையா? அப்ப சரி. உங்களுக்கு இந்த நாலு பேர் வீடு ரொம்ப சின்னதா இருக்கும். வேலையே இருக்காது. போரடிக்கும். காத்து வராது. அடுப்பு இடது பக்கம் சாஞ்சிருக்கு. டெய்லரம்மா மெஷின் சத்தம் வேற. இதெல்லாம் போக, எம் பையனுக்கு முன்கோபம்...

இல்ல, இல்ல. அது பொய். அவனுக்குக் கோபமே வராது. அது ஒண்ணு மட்டும் வாபஸ்.

யாரு? மருமக அப்படியா சொன்னா உங்ககிட்ட? மாமனாருக்கு எதுவுமே பிடிக்க மாட்டேங்குதுன்னா? ஆமாம்மா, நான்தான் அது. இந்த வீட்ல வேற மாமனார் கிடையாது. எங்க வீட்டுக்காரரும் என்னென்னவோ பண்ணிப் பாக்குறாரு, மாமாவால எதையும் வாயில வைக்க முடியலன்னு சொன்னாளா? நல்ல பொண்ணு. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் நம்பிரும்.

எங்க எழுந்திருக்கிறீங்க? அடுப்படியா? வேண்டாம்மா. போர்டு மாட்டியிருக்கு பாருங்க. பெரியவன் நான் சொல்றேன், ஒரு வார்த்தை கேளுங்க. அட, போயே போயிட்டீங்களே.

பாத்தீங்களா மூணு விசில்? பெயின்ட்ல எழுதியிருக்கா? அதைத்தான் சொன்னேன். கரண்டியெல்லாம் வரிசையா ஆணியில தொங்குதா? அது அவன் புத்தி. சுத்தமாத்தான் வச்சிருப்பான். அடுப்பு நேராத்தான் இருக்கு, ஆமா, நான் சும்மா சொன்னேன். அந்தப் பாத்திரத்தைத் திறக்காதீங்க. அது காலையில வச்ச சூப்பு. கேரட்டும் பருப்பும் போட்டு என்னமோ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வச்சிட்டுப் போனான், வந்துதான் உப்பு பாக்கணும்னான். திறந்துட்டீங்களா? ருசி பாக்காதீங்கம்மா, வேண்டாம், உங்க வாய்...

என்ன, இன்னொரு கரண்டியும் எடுக்குறீங்க?

நல்லா இருக்கா?

இருக்கும்மா. எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாவே நல்லாத்தான் இருக்கு.

அப்படிப் பாக்காதீங்க. வந்து இப்படி உக்காருங்க, சொல்றேன். கரண்டி இருக்கட்டும் கையில.

நான் மாசத்துல நாலு நாள் வீட்ல இருந்தா பெருசு. அதுலயும் ரெண்டு நாள் தூங்குவேன். இவன் சின்ன வயசுல என்னைப் பாத்தா, அம்மா, லாரி வந்துருச்சும்பான். அப்பா வந்தாச்சுன்னு சொன்னதில்ல. பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், எதுக்கும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. கோபத்துல இல்லம்மா. கேக்கணும்னு தோணல, அவ்வளவுதான். நடந்துட்டுப் போறவன் ரோட்டுல போற லாரிக்காரன்கிட்ட வழி கேப்பானா? அவன் அம்மா போனதுக்கப்புறம், ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கேன். மரியாதைக்குக் குறைவில்ல. மாத்திரை போட்டாச்சாப்பான்னு கேப்பான், போட்டாச்சும்பேன். ஒரு நாளைக்கு அதோட பேச்சு முடிஞ்சிரும். மாத்திரை ஒரு வேளைதான்.

அந்தக் குக்கர் சமாச்சாரத்துக்கப்புறம் அவனுக்குத் தன் நாக்கு மேல நம்பிக்கை போயிருச்சு. ஒரு நாள் மத்தியானம் கரண்டியைத் தூக்கிட்டு இந்தக் கட்டில்கிட்ட வந்து நின்னான். நெஞ்சுல குழந்தை தூங்குது. அப்பா, கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்களேன்னான். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டான். ஊதிக் குடிங்க, சூடா இருக்குன்னான்.

நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாத்திரையைத் தள்ளிட்டா, முப்பத்தெட்டு வருஷத்துல அவன் எங்கிட்டக் கேட்ட முதல் கேள்வி அது. சரியா இருக்குன்னு ஒரே வார்த்தையில எப்படிம்மா முடிப்பேன்? என்னமோ குறையுதுன்னேன். என்ன குறையுதுன்னு கேட்டு, கட்டில்ல உக்காந்துட்டான். உப்பான்னான், இல்லைன்னேன். காரமான்னான், யோசிக்கணும்னேன். உள்ள போனான், வந்தான். மறுபடி உள்ள போனான், மறுபடி வந்தான். அன்னைக்கு நாலு தடவை. இப்பெல்லாம் மூணு வேளையும் வர்றான். நடுவுல சும்மா பேச்சும் ஓடுது. அன்னைக்கு, அப்பா, அந்த மலை ரோட்டுல நிஜமாவே இன்ஜின்ல சோறு வடிச்சீங்களான்னு கேட்டான்னா பாத்துக்குங்க.

வினை என்னன்னா, அவன் என் பேச்சை நம்பிட்டான். போன வாரம் மருமககிட்டச் சொல்றான், நான் இங்க படுத்துக்கிட்டே கேக்குறேன். என்னால முடியல, அப்பா வாய்க்கு என் சமையல் ஒத்துக்க மாட்டேங்குது, வயசானவரு, நல்லா சமைக்கிற ஆளா ஒருத்தரை வச்சிடலாம், ருசியா சாப்பிடட்டும்னு. உங்களைக் கூப்பிட்டது அவங்க சாப்பாட்டுக்கு இல்லம்மா. எனக்காக. நீங்க உள்ள போனா அவன் வெளிய வந்துருவான். அப்புறம் மாத்திரை போட்டாச்சாப்பா, போட்டாச்சு.

அழுகைச் சத்தம் கேக்குதா? அது எம் பேத்திதான், ஊசி போட்ட கோபம். மாடியேறிட்டான். பாத்திரத்தை மூடிடுங்கம்மா. ஹாஸ்டல் வேலையே தேவலைன்னு சொல்லுங்க, வீடு தூரம்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. அவன் சமையல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

என்னது? நானே நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நீங்களும் வர வேண்டாம், அவனும் சந்தோஷப்படுவானா? அது தெரியாமலா இருக்கேன்? அவன் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. நல்லா ஓடுற லிஃப்டைப் பாக்க அவன் என்னிக்குப் போயிருக்கான்?