மாடி ஏ.சி.யின் தண்ணீர்

அந்த ஏ.சி. ஒழுகியதற்கு ஒரு வழி பண்ணியது நான்தான். இதை மட்டும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் ஊசியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் ஏ.சி.யிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். மயிலாப்பூரில் டாக்டருடைய வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். மாடியில் அவர் குடும்பம். பதினான்கு வருஷமாக நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலக்குவது, கட்டுக் கட்டுவது, ஊசி போடுவது எல்லாம் நான்தான். என் கை வலிக்காத கை என்று பெயர்.

இந்த வருஷம், எழுபத்தைந்து மார்ச்சில், மாடிப் படுக்கையறை ஏ.சி. உள்பக்கம் ஒழுக ஆரம்பித்தது. டாக்டரின் மனைவி விசாலாக்ஷி மாமி மாடிப்படியில் நின்றுகொண்டு, "மெத்தையெல்லாம் நனைஞ்சுண்டிருக்கு பொன்ராஜ். ஊர்ல குழாயில சொட்டுத் தண்ணி இல்லை, எங்காத்துச் சுவத்துல அருவி கொட்றது!" என்றார். ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் அக்பர் பாஷாவைக் கூட்டி வந்தேன்.

"பொட்டி உள்ளாற சாஞ்சிகீது கம்பவுண்டரே. தண்ணி எப்டி வெளிய போவும்?" என்று சொல்லி, பெட்டியை வெளிப்பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து வைத்தார். அடைத்திருந்த துளையைக் கம்பியால் குத்திவிட்டார். அதன்பிறகு தண்ணீர் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் விழுந்தது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. குளூக்கோஸ் ஏற்றுகிற ரப்பர் குழாயைத் துளையில் மாட்டிச் சுவரோரமாக இறக்கி, கிளினிக் பின்னறையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டேன். காலையில் பார்த்தால் ஜாடி நிறையத் தண்ணீர். கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பொன்ராஜ் இருக்கறவரைக்கும் நேக்கென்னய்யா கவலை?" என்றார். அந்த வார்த்தையை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

பாஷாவிடம் அந்தத் தண்ணீரைப் பற்றி விசாரிக்கவும் செய்தேன். "காத்துல கீற ஈரம்தான் நைனா. கார் பேட்டரிக்கு ஊத்து, ஒண்ணும் ஆவாது. வாயில மட்டும் வச்சிடாத. உள்ள தட்டுல பாசி புடிச்சிகீது" என்றார். அவர் மெக்கானிக். மருந்து விஷயம் அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி மருந்து பொடியாக வரும். அதைக் கரைக்கிற தண்ணீரை நானேதான் பின்னறையில் காய்ச்சி வடிப்பேன். வடிக்கும்போது ஆவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரலில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பார். ஆனால், கவலை இல்லை என்று சொன்ன மனிதரிடம் போய்க் கவலை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? யோசித்துப் பாருங்கள். நான் ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்குகிறேன், ஏ.சி.யும் அதையேதான் செய்கிறது. அந்த ஜாடித் தண்ணீரிலேயே மருந்தைக் கரைத்தேன். முதலில் கொதிக்க வைத்து எடுத்தேன். கூட்டம் அதிகமான நாட்களில் துணியில் வடிகட்டியதோடு சரி.

ஜவுளிக்கடை அய்யாதுரைக்கு ஊசி போட்ட அன்று சாயங்காலமே குளிர் நடுக்கம் கண்டது. இன்னொரு அம்மாளுக்குக் கையில் சீழ் வைத்து, டாக்டர் கீறி எடுத்தார். "ஊசியெல்லாம் சரியா வேக வைக்கறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக வேக வைத்தேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நோராவைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார் அல்போன்ஸின் மகள், ஒன்பது வயது. மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் தங்கிவிட்டது. அது இன்னும் கெடாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில். ஊசி தவறினால் குழந்தை தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அல்போன்ஸ் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. மழையானாலும் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிடுவார்.

மே மாதம் வந்தபோது, "போன தடவை போட்ட எடத்துல கட்டியா நின்னுருச்சுண்ணே. தண்ணி கிண்ணி மாத்துனீங்களா?" என்று கேட்டார். அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் இல்லை என்றேன். நோரா எப்போதும் போலத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போட்டுட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். போட்டு முடித்துப் பஞ்சும் வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலமே நடுக்கம். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி, அந்தப் பழுதான இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். எட்டாம் நாள் போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனேன். அல்போன்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தாண்ணே அவளுக்கு வலிக்காம போடுவீங்க" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை ஐயா. அந்தக் குழந்தை எனக்கும் வேண்டிய குழந்தைதான்.

டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள். அவர் எழுதிய மருந்தும் சரி, அளவும் சரி. மாடி ஏ.சி.யின் தண்ணீரை அந்தக் குழந்தையின் உடம்பில் ஏற்றியவன் நான். பாஷா எச்சரித்த பிறகும் ஏற்றினேன், இரண்டு பேருக்குக் கெடுதல் வந்ததைப் பார்த்த பிறகும் ஏற்றினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தண்ணீர் சுத்தமானது என்று மனசார நம்பினேன்.

எதையும் மறைக்கவில்லை என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நோராவுக்கு ஊசி போட்ட அதே வாரம் என் மகள் புஷ்பத்துக்குத் தொண்டையில் புண். அவளுக்கும் பென்சிலின்தான் போட்டேன். அதைக் கரைக்க லஸ் முனை மருந்துக் கடையில், ஊசிக்கென்றே குப்பியில் அடைத்து விற்கிற தண்ணீரை வாங்கிப் போனேன். கடை நான் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, அதனால் வாங்கினேன்.